வீடு மாறும்போது லோன் ஏஜென்ட் தேவையா?

வீட்டுக் கடனுக்கு ஏஜென்ட் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். அவர் வங்கியின் ஆள். நம் வீட்டு வாசலில் வந்து உட்காருகிறார், நம் காப்பியைக் குடிக்கிறார், நம் பிள்ளையின் படிப்பை விசாரிக்கிறார், ஆனால் அவருக்குப் பணம் கொடுப்பது வங்கி. இதை மனதில் வைத்துக்கொண்டு அவரிடம் வேலை வாங்கினால் நமக்கு நல்ல பலன் உண்டு. இதை மறந்துவிட்டு, எந்த வங்கி, எவ்வளவு கடன், எத்தனை வருடம் என்பதையெல்லாம் அவரிடமே விட்டுவிட்டால், அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் இருபது வருடத்துக்கு நாம்தான் கட்ட வேண்டும்.

நாங்கள் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டை விற்றுவிட்டுப் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்கு வந்தோம். மாமியாருக்கு ஜிப்மரில் தொடர்ந்து வைத்தியம். ஒவ்வொரு முறையும் கடலூரிலிருந்து விடிகாலையில் அவரைக் கிளப்பி பஸ் ஏற்றி, ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்க வைப்பது அவர் உடம்புக்குத் தாங்கவில்லை. நான் கடலூரில் பள்ளி ஆசிரியை. தினமும் பஸ்ஸில் போய் வருவது எனக்கு ஒரு பாரமில்லை, அந்த ரூட்டில் பாதிப்பேர் அப்படித்தான் போகிறார்கள். வீட்டுக்காரருக்குச் சின்ன அச்சகம். என் வருமானத்தைச் சம்பளச் சீட்டு ஒரு தாளில் சொல்லிவிடும். அவர் வருமானத்துக்கு மூன்று வருட வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி தாக்கல், நடப்புக் கணக்கு ஸ்டேட்மென்ட் என்று ஒரு கட்டு வேண்டும். இதற்கு மேல் பழைய வீட்டின் மீதும் கடன் பாக்கி இருந்தது.

முதல் வீடு வாங்குகிறவருக்கு ஒரு கடன், ஒரு பத்திரம். வீடு மாறுகிறவருக்கு எல்லாமே இரண்டு. நம் வீட்டை வாங்குகிறவரும் வங்கிக் கடனில்தான் வாங்குகிறார். நம் பத்திரமோ நம் வங்கியின் பெட்டகத்தில் இருக்கிறது. அந்தக் கடனை அடைத்தால்தான் பத்திரம் வெளியே வரும், அடைக்கப் பணம் அவர் வங்கியிலிருந்து வர வேண்டும். இந்தப் பக்கம் புது வீட்டை விற்கிறவர், "அக்ரிமெண்ட் தேதி முடியப்போகுது டீச்சர்" என்று நினைவுபடுத்திக்கொண்டே இருப்பார். ஏஜென்ட் என்ற பேச்சு எழுவதே இந்த இடத்தில்தான்.

நம் ஊரில் வீட்டு புரோக்கரே ஒரு லோன் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். அந்த லோன் ஆள் ஒரு வக்கீலின் பெயரையும் சொல்வார். மூன்று பேருமே ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், கிரயம் முடிந்தால் மூன்று பேருக்குமே வருமானம். கிரயம் முடியாமல் போனால் நல்லது என்று சொல்ல வேண்டிய நேரம் ஒன்று வந்தால், அதை அவர்களில் யார் சொல்வார்? ஏஜென்ட் வைப்பதற்கு எதிராக எனக்குத் தெரிந்த மிகப் பெரிய காரணம் இதுதான். அதனால் கடனுக்கு யாரை வைத்தாலும் வக்கீலை மட்டும் நாமே தனியாகத் தேடிப் பணம் கொடுத்துப் பத்திரங்களைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வங்கியும் தன் பட்டியலில் உள்ள வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்கும், அதற்கான கட்டணத்தையும் நம்மிடமே வசூலிக்கும். ஆனால் அது வங்கி தன் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ள வாங்கும் கருத்து. நம் சேமிப்புக்கு ஆபத்து உண்டா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை.

வங்கிகள் இந்த ஏஜென்ட்களை டிஎஸ்ஏ, அதாவது நேரடி விற்பனை ஏஜென்ட், என்று அழைக்கின்றன. ஒரு கடன் அவருடைய கோடில் (வங்கி அவருக்குக் கொடுத்த அடையாள எண்ணில்) பதிவாகிப் பணம் பட்டுவாடா ஆனால், கடன் தொகையில் ஒரு சதவீதக் கணக்கில் அவருக்குக் கமிஷன் போகும். கடன் பெரிதானால் கமிஷனும் பெரிது. "எலிஜிபிலிட்டி இருக்குதே, முழுசா எடுத்துக்கங்க அக்கா, மிச்சத்துல இன்டீரியர் பண்ணிக்கலாம்" என்ற யோசனைக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாக வேண்டுமானால் தேர்வு எழுதித் தேற வேண்டும். மியூச்சுவல் ஃபண்ட் விற்பவருக்கு ஏஆர்என் என்று ஒரு பதிவு எண் உண்டு. ஒரு குடும்பத்தின் ஆகப் பெரிய கடனைப் பிடித்துத் தருகிறவருக்கு அப்படித் தனி உரிமம் எதுவும் இங்கே கிடையாது. ஏஜென்ட்டின் நடத்தைக்கு அவரை அமர்த்திய வங்கியே பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் விதி, அவ்வளவுதான்.

என் நாத்தனார் குடும்பம் பிரான்சில் இருக்கிறது. அவர் வீட்டுக்காரர் புதுச்சேரி சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள் வழி, அந்த வழியில் போனவர்கள். பாரிஸ் பக்கத்தில் அவர்கள் வீடு மாறியபோது ஒரு கூர்த்தியே, அதாவது கடன் தரகர், மூலமாகத்தான் கடன் வாங்கினார்கள். அங்கே கடன் தரகர் ஓரியாஸ் என்ற பதிவேட்டில் இருந்தே ஆக வேண்டும், அவருடைய எண்ணை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். கடன் பணம் உண்மையில் கைக்கு வரும்வரை அவர் ஒரு சல்லிக் காசுகூட வாங்கக் கூடாது. வங்கியின் கடன் ஆஃபர் வீட்டுக்கு வந்த பிறகு பத்து நாள் கழியாமல் அதில் கையெழுத்துப் போடவே முடியாது. அவசரப்பட நினைத்தாலும் சட்டம் விடாது. "உங்க ஊர்லயும் அப்படி ஒரு ஆளைப் பிடி அண்ணி" என்று அவள் போனில் சொன்னாள். இங்கே ஆள் கிடைப்பார், அவரைச் சுற்றி அங்கே இருக்கும் வேலி கிடைக்காது. அந்த வேலியை நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

எங்களிடம் வந்தவர் சுறுசுறுப்பான பிள்ளை. முப்பது வயதிருக்கும். உட்கார்ந்த உடனே, "நாலு பேங்க்ல லாகின் பண்ணிடறேன் அக்கா, எது முதல்ல வருதோ அதை எடுத்துக்கலாம்" என்றார். லாகின் என்றால் விண்ணப்பத்தை ஏற்றுவது. ஒவ்வொரு வங்கியும் விண்ணப்பம் வந்ததும் நம் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையை எடுத்துப் பார்க்கும், பார்த்ததெல்லாம் அந்த அறிக்கையிலேயே பதிவாகும். குறுகிய காலத்தில் நாலைந்து பதிவு விழுந்தால் அடுத்து பார்க்கிற வங்கிக்கு, இவர்கள் கடனுக்கு அலைகிறார்கள் என்று தோன்றும், ஸ்கோரும் இறங்கும். நாமே நம் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் அப்படி இறங்காது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு நிறுவனங்களும் ஆளுக்கு ஒரு முழு அறிக்கையை வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும். ஏஜென்ட்டைக் கூப்பிடுவதற்கு முன்பே கணவன் மனைவி இருவரும் அதை எடுத்துவிடுவது நல்லது. வீட்டுக்காரர் அறிக்கையில், என்றோ கட்டி முடித்த ஒரு வண்டிக் கடன் இன்னும் பாக்கி என்று நின்றுகொண்டிருந்தது. அதைத் திருத்த எழுதிப் போட்டு, சரியான பிறகுதான் அடுத்த வேலையைத் தொடங்கினோம். ஏஜென்ட் வழியாக அது தெரிந்திருந்தால் "ஸ்கோர் கம்மி அக்கா, அதான் வட்டி கூட" என்ற ஒரு வரியோடு போயிருக்கும்.

அடுத்ததாக அவர் விண்ணப்பப் படிவத்தை நீட்டினார். தடிமனான படிவம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் மஞ்சள் துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. புரட்டிப் பார்த்தால் கடன் தொகை, தவணைக் காலம், வட்டி வகை மூன்றும் காலி. மாத வருமானம் மட்டும் பென்சிலில் எழுதியிருந்தது, அதுவும் வீட்டுக்காரர் சொன்ன தொகைக்குக் கொஞ்சம் மேலே. "இதெல்லாம் ஆபீஸ்ல ஃபில் பண்ணிப்போம் அண்ணே, நீங்க சைன் மட்டும் பண்ணுங்க" என்றார். அவரிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஃபைல் சீக்கிரம் நகர வேண்டும், அவருக்கு அதுதான். ஆனால் அந்தப் படிவத்தில் இருப்பதெல்லாம் நாம் சொன்னதாகத்தான் சட்டத்தின் முன் நிற்கும். பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, வரிக் கணக்கில் உள்ள தொகையை நானே பேனாவால் எழுதினேன். மற்ற மூன்றையும் நிரப்பினேன். ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்த பிறகே கையெழுத்துப் போட்டோம். அவர் பொறுமையாகக் காத்திருந்தார், அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும்.

வட்டி விஷயத்தில் ஏஜென்ட் சொல்லாத ஒன்று உண்டு. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மிதக்கும் வட்டி (அவ்வப்போது மாறும் வட்டி) வீட்டுக் கடன்களை ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டி, போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு இணைத்தே தர வேண்டும். குறைந்தபட்சம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டியை மாற்றி அமைக்க வேண்டும். 2025-இல் ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.50 சதவீதத்திலிருந்து படிப்படியாக 5.25-க்குக் குறைத்தபோது, ரெப்போவோடு இணைந்த கடன்காரர்களுக்கு அந்தக் குறைப்பு தானாக வந்து சேர்ந்தது. வீட்டுவசதி நிதி நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவை தங்கள் அளவுகோலைத் தாங்களே நிர்ணயிக்கும். ஏஜென்ட் வாயில் வங்கி, நிதி நிறுவனம் இரண்டுமே "பேங்க்" தான். எனவே பெயரைக் கேட்டதும் அது வங்கியா, நிதி நிறுவனமா, வட்டி எதோடு இணைந்தது என்ற இரண்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அரை சதவீதம்தானே என்று விடுவதும் சரியில்லை. 30 லட்சம் ரூபாய், 20 வருடம், 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். அதுவே 9 சதவீதம் என்றால் 26,992. மாதம் 957 ரூபாய் வித்தியாசம், முழுக் காலத்துக்கும் கூட்டினால் 2.29 லட்சத்துக்கு மேல். பிராசஸிங் ஃபீஸில் ஐயாயிரம் குறைத்துத் தருகிறேன் என்ற பேச்சை இந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நமக்கு வேலி என்று சட்டம் கொடுத்திருப்பது முக்கிய விவர அறிக்கை, அதாவது கேஎஃப்எஸ். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குத் தரும் ஒவ்வொரு புதுச் சில்லறைக் கடனுக்கும் இதைக் கொடுத்தாக வேண்டும், நமக்குப் புரியும் மொழியில். வட்டியோடு பிராசஸிங் ஃபீஸ், லீகல், வேல்யுவேஷன், கடனோடு சேர்த்து விற்கும் இன்சூரன்ஸ் என்று வங்கி நம்மிடம் வாங்கும் எல்லாச் செலவையும் சேர்த்த வருடாந்திர விகிதம் அதில் இருக்கும். அதில் இல்லாத கட்டணத்தை நம் சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது. வீட்டுக் கடன் போன்ற நீண்ட காலக் கடனில் குறைந்தது மூன்று வேலை நாட்களுக்கு அந்த நிபந்தனைகள் செல்லுபடியாக வேண்டும். பிரான்சின் பத்து நாள் எங்கே, இந்த மூன்று நாள் எங்கே என்று கேட்கலாம். ஆனாலும் அந்த மூன்று நாளை விட்டுவிடாதீர்கள். "இன்னைக்கே சைன் பண்ணாதான் இந்த ரேட்" என்று யாராவது சொன்னால் இந்த விதியை எடுத்துச் சொல்லுங்கள். கடனோடு சேர்த்து ஒரே தவணையில் கட்டும் ஆயுள் காப்பீட்டை எந்தச் சட்டமும் கட்டாயமாக்கவில்லை. தேவைப்பட்டால் தனியாக டேர்ம் பாலிசி எடுத்துக்கொள்ளலாம், கடன் தொகையில் அதை ஏற்றி இருபது வருடம் வட்டி கட்ட வேண்டியதில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நாங்கள் ஏஜென்ட்டை வைத்துக்கொண்டோமா என்றால், வைத்துக்கொண்டோம். அதற்குக் காரணம் ஒரு பத்திரம்.

முத்தியால்பேட்டை பழைய ஊர். நாங்கள் பார்த்த வீட்டின் தாய்ப்பத்திரம் பிரெஞ்சுக்காரர் காலத்தது. புதுச்சேரி நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்தது 1954 நவம்பர் 1-இல், சட்டப்படி 1962 ஆகஸ்ட் 16-இல். அதற்கு முந்தைய கிரயங்கள் பலவற்றை நொத்தேர், அதாவது பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் அதிகாரி, முன்னிலையில் பிரெஞ்சில் எழுதியிருப்பார்கள். விற்பவர் அதை ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து மேசை மேல் விரித்தார். மடிப்பு விழுந்த இடமெல்லாம் பழுப்பேறிக் கிழியத் தொடங்கியிருந்தது. சாய்வான பிரெஞ்சு எழுத்தில் பக்கம் பக்கமாக ஓடி, கடைசிப் பக்கத்தில் அவருடைய பாட்டியின் பெயர் மட்டும் கொட்டைத் தமிழ் எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் போட்ட கையெழுத்தாக இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கடலூரில் என் சம்பளக் கணக்கு இருந்த கிளையில் அதன் நகலைப் பார்த்ததுமே மேனேஜர் கையைப் பிசைந்தார். கடலூர் வக்கீல் பட்டாவும் டிடிசிபி (தமிழ்நாட்டு நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவலும் பார்த்துப் பழகியவர். புதுச்சேரிக்குப் பதிவுத்துறை வேறு, நில ஆவணம் வேறு, மனை அனுமதி தருவது பிபிஏ என்ற புதுச்சேரி நகரமைப்புக் குழுமம். எல்லையில் உள்ள முள்ளோடை தாண்டினால் அரசாங்கமே மாறிவிடுகிறது. இரண்டு ஊருக்கும் இடையில் இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை, காகிதத்தில் மட்டும் தூரம் அதிகம்.

அந்தப் பிள்ளையின் உண்மையான மதிப்பு அங்கேதான் தெரிந்தது. பிரெஞ்சுப் பத்திரத்துக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு யாரிடம் வாங்கலாம், அப்படிப்பட்ட பத்திரத்தை வாசித்துப் பழகிய வக்கீல் எந்த வங்கியின் பட்டியலில் இருக்கிறார், எந்தக் கிளையில் இதுபோன்ற ஃபைல் ஏற்கெனவே போயிருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நாங்களாக அலைந்திருந்தால் அக்ரிமெண்ட் காலம் முடிந்திருக்கும், அட்வான்ஸும் போயிருக்கும்.

எனவே இப்படிச் செய்தோம். முதலில் நானும் வீட்டுக்காரரும் அப்படிப்பட்ட வக்கீல் பட்டியலில் இருந்த வங்கிக்கு நேரில் போய், அங்கே எங்கள் வருமானத்துக்கும் ஸ்கோருக்கும் என்ன வட்டி, என்ன கட்டணம் என்று மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டோம். அதன் பிறகு அவரைக் கூப்பிட்டு, "தம்பி, இதே வங்கி, இதே ரேட். உங்க கோடுலயே போட்டுக்கங்க, கமிஷன் உங்களுக்கு வரட்டும். எங்ககிட்ட சர்வீஸ் சார்ஜ் கேக்கக் கூடாது, வேற எங்கயும் லாகின் பண்ணக் கூடாது. இதை வாட்ஸப்ல எழுதி அனுப்பிடுங்க" என்றேன். அனுப்பினார். நேரடியாகப் போனாலும் அவர் மூலம் போனாலும் அந்த வங்கியில் வட்டி ஒன்றுதான். அவர் கால்களும் அவர் அனுபவமும் எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தன. தேர்வு எங்கள் கையில் இருந்தது. கடலூர், புதுச்சேரி பக்கம் வீடு மாறுகிறவர்களுக்கு நான் மனதாரச் சொல்லும் வழி இதுதான்.

எல்லோருக்கும் இது தேவைப்படாது. இருவரும் மாதச் சம்பளம், அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் புது ஃபிளாட், பழைய கடன் இல்லை என்றால் ஏஜென்ட்டே வேண்டாம். சம்பளக் கணக்குள்ள கிளைக்கு நேரே போங்கள்.

ஏஜென்ட் தானாகச் சொல்லாத வேறு சில விஷயங்களும் உண்டு. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு, பத்திரச் செலவு பொதுவாக அந்த மதிப்பில் சேராது. 50 லட்சம் வீடு என்றால் 10 லட்சத்தோடு பதிவுச் செலவும் கையில் இருக்க வேண்டும். இந்த இடைவெளியை அடைக்க அக்ரிமெண்ட்டில் விலையைக் கூட்டிப் போடலாம் என்று யோசனை வந்தால் அந்த ஆளை அன்றே நிறுத்திவிடுங்கள். பழைய வீட்டை விற்ற லாபத்துக்கு வரிவிலக்கு வேண்டுமானால் புது வீட்டை விற்பனைக்கு ஒரு வருடம் முன்போ இரண்டு வருடத்துக்குள்ளோ வாங்க வேண்டும், அதை ஆடிட்டரிடம் கேளுங்கள். தண்ணீர் எங்கே ஏறும் என்பதை யாரும் எழுதித் தர மாட்டார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ரெயின்போ நகரும் கிருஷ்ணா நகரும் இருந்த இருப்பையும், அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்ததையும் பார்த்தவர்கள் நாம். வங்கியின் இன்ஜினியர் சதுர அடியை அளப்பார், அந்தத் தெருவில் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்பதை அக்கம்பக்கத்து வீட்டில்தான் கேட்க வேண்டும்.

பழைய கடன் விஷயத்தில் ஏஜென்ட்டை நம்பவே வேண்டாம், அதில் அவருக்கு வருமானம் இல்லை. அடைப்புத் தொகைக் கடிதத்தையும், வங்கியிடம் உள்ள பத்திரங்களின் பட்டியலையும் முன்கூட்டியே கேட்டு வாங்கி, வாங்குகிறவரின் வங்கிக்குக் கொடுங்கள். தனிநபரின் மிதக்கும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது, யாராவது கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பணம் முழுதும் கட்டிய 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. எங்கள் பழைய கடன் இருந்த இடத்தில் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தார்கள். இந்த விதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதி நகலில் முத்திரை வாங்கிய பிறகு பத்திரம் வந்து சேர்ந்தது. அதோடு நிற்காமல் கடன் தீர்ந்த ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு, வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அந்த ரசீது வில்லங்கத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்குகிறவரிடம் சாவியைக் கொடுக்கலாம்.